கூட்டலா, பெருக்கலா? – இரகசியக் கணக்கின் இரு மொழிகள்

கூட்டல் குறியைக் கண்டால் கூட்ட வேண்டும். பெருக்கல் குறியைக் கண்டால் பெருக்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்தே நமக்குப் பழகிப்போன வழக்கம் இது. ஆனால் உயர் கணிதத்தில் இவ்விரு குறிகளும் சில இடங்களில் தம் பழைய பொருளை விட்டுவிட்டு, வெறும் பெயர்களாக மட்டும் நிற்பதைக் காணலாம்.

கைபேசி வழியாகப் பணம் அனுப்புகிறோம். கணிப்பொறி வழியாகக் கடிதம் எழுதுகிறோம். இவற்றை வழியிலே பிறர் படித்துவிடாதபடி காப்பதற்கு இன்று பெருமளவில் பயன்படும் முறைகளுள் ஒன்று 'நீள்வட்ட வளைவரை மறைகுறியீட்டியல்' ஆகும். இதனைக் கற்கப் புகும் மாணவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒரு நூலில் பெருக்கலும் அடுக்குகளும் வருகின்றன. இன்னொரு நூலில் அதே முறை கூட்டலும் மடங்குகளுமாக எழுதப்பட்டிருக்கிறது. 'இரண்டும் ஒன்றே' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நூலாசிரியர் மேலே சென்றுவிடுகிறார்.

சிந்திக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: 'ஒரு புள்ளியும், அதன் மடங்கும் ஊரறிய வெளியிடப்படுகின்றன. எத்தனை மடங்கு என்பதுதான் இரகசியம். அப்படியானால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து இரகசியத்தைக் கண்டுவிடலாமே?' மிகச் சரியான கேள்வி! இதற்கு விடை காண, இவ்விரு மொழிகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

மடக்கை அமைத்த பாலம்

1614-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். இரு எண்களைப் பெருக்குவதற்குப் பதில் அவற்றின் மடக்கைகளைக் கூட்டினால் போதும் என்பது அதன் சாரம். இயற்பியல் படிப்போர் இதன் பயனை நன்கு அறிவர். இரு ஒலிபெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அவற்றின் பெருக்கங்களைப் பெருக்க வேண்டும். ஆனால் டெசிபெல் அளவில் சொன்னால் கூட்டினால் போதும். கருவி ஒன்றே; கணக்கெழுதும் முறைதான் இரண்டு.

மடக்கை அட்டவணைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 2, 3, 5 ஆகியவற்றின் மடக்கைகள் தெரிந்தால் 60-இன் மடக்கையைத் தேடவே வேண்டாம். 60 = 2 × 2 × 3 × 5 ஆதலால், நான்கு மடக்கைகளைக் கூட்டினால் விடை வந்துவிடும். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது ஒரு பெரிய ஆயுதமாக வரப்போகிறது.

1801-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் தம் எண் கணித ஆய்வு நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 24. ஒரு பகா எண்ணால் வகுக்கும்போது வரும் மீதிகளை மட்டும் எண்களாகக் கொண்டு, அவற்றுக்கும் மடக்கை போன்ற ஒன்று உண்டு என்று அவர் காட்டினார். அதற்கு 'குறியெண்' என்று பொருள்படும் பெயரிட்டார். எடுத்துக்காட்டாக, 11-ஆல் வகுத்து மீதி காணும்போது 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1 என்று செல்கின்றன. இங்கே 9-இன் குறியெண் 6. ஏனெனில் 2-இன் ஆறாம் அடுக்கு 64. 11-ஆல் வகுக்க மீதி 9. சாதாரண மடக்கை சீராக ஏறிச் செல்லும். இதுவோ மேலும் கீழுமாகத் தாவுகிறது. ஆயினும் பெருக்கலைக் கூட்டலாக்கும் பண்பு இதற்கும் உண்டு. 1839-இல் ஜக்கோபி, 1000-க்கு உட்பட்ட பகா எண்களுக்கும் பகா எண் அடுக்குகளுக்கும் இத்தகைய அட்டவணைகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார். இன்று 'தனிநிலை மடக்கை' என்று அழைக்கப்படுவது இதுவே.

வில்லின் நீளத்திலிருந்து வந்த கூட்டல்

பெருக்கல் மொழியின் ஊற்றுக்கண் இது. கூட்டல் மொழி வேறொரு திசையிலிருந்து வந்தது.

ஒரு வட்டத்தின் மீது இரு விற்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் நீளங்களைக் கூட்டினால் மூன்றாவது வில் கிடைக்கும். நீளங்கள் எளிதாகக் கூடுகின்றன. ஆனால் விற்களின் முனைப் புள்ளிகளுடைய ஆயத்தொலைகள் அவ்வாறு கூடுவதில்லை. அவை சைன், கொசைன் கூட்டல் வாய்பாடுகளின்படி கலக்கின்றன. அதே புள்ளிகளைக் கலப்பெண்களாக எழுதினாலோ அவை பெருக்கிக்கொள்கின்றன! ஒரே வட்டம், ஒரே செயல். கோணமாகப் பார்ப்பவருக்குக் கூட்டல். கலப்பெண்ணாகப் பார்ப்பவருக்குப் பெருக்கல்.

வட்டத்தை விட்டு நீள்வட்டம் முதலிய வளைவரைகளின் வில் நீளத்தைக் காண முயன்றபோது கணித அறிஞர்கள் புதுவகைத் தொகையீடுகளைச் சந்தித்தனர். நீள்வட்டத் தொகையீடுகள் என்று அவை பெயர் பெற்றன. இத்தாலியரான ஃபானானோ 1718-இல், எட்டின் வடிவங்கொண்ட லெம்னிஸ்கேட் என்னும் வளைவரையின் வில்லை இரட்டிப்பாக்கும் வழியைக் கண்டார். அவருடைய நூல் 1751 டிசம்பர் 23 அன்று பெர்லின் கழகத்தில் ஆய்லரின் கைக்கு வந்தது. ஆய்லர் அதிலிருந்து தொடங்கி, இரு நீள்வட்டத் தொகையீடுகளைக் கூட்டி மூன்றாவது ஒன்றாக எழுதும் பொது விதியையே கண்டுவிட்டார். அந்த நாளையே நீள்வட்டச் சார்புகளின் பிறந்த நாள் என்று ஜக்கோபி பின்னாளில் போற்றினார்.

வடிவ கணிதத்தில் இந்த விதி மிக எளிய உருவம் எடுக்கிறது. கிடைத்தொலைவை 'க' எனவும் நிலைத்தொலைவை 'ந' எனவும் கொண்டால், ந² = க³ + 7 என்பது ஒரு நீள்வட்ட வளைவரை. (இது நீள்வட்டம் அன்று, நீள்வட்டத் தொகையீடுகளோடு கொண்ட உறவால் வந்த பெயர்.) இதன் மீது இரு புள்ளிகளை எடுத்து ஒரு நேர்கோடு வரைந்தால், அது வளைவரையைப் பொதுவாக மூன்றாவது புள்ளி ஒன்றில் வெட்டும். அப்புள்ளியைக் கிடையச்சுக்கு மறுபுறம் பிரதிபலித்தால் கிடைப்பதே இரண்டின் 'கூட்டுத்தொகை'. ஒரே புள்ளியை இரட்டிப்பதற்குத் தொடுகோடு வரைய வேண்டும். மேலும் கீழுமாக நேரெதிரே உள்ள இரு புள்ளிகளைக் கூட்டினால், வளைவரைக்கென்று கற்பித்துக்கொண்ட 'முடிவிலிப் புள்ளி' கிடைக்கும். அதுதான் இங்கே சுழி.

இவ்வாறு நேர்கோடும் தொடுகோடும் கொண்டு புதிய விடைகளைப் பெறும் வித்தையின் வேர்கள், பண்டைய அலெக்சாந்திரியாவின் டயோஃபாண்டஸ் எழுதிய நூலிலேயே காணப்படுகின்றன. அந்தப் பழைய வித்தையும் ஆய்லரின் தொகையீட்டுக் கூட்டலும் உறவுடையவை என்பதை 1835-இல் ஜக்கோபி எடுத்துக்காட்டினார். 1901-இல் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே, வளைவரை மீதுள்ள விகிதமுறு புள்ளிகளை இந்த நோக்கில் விரிவாக ஆராய்ந்தார். தொகையீடுகள் கூடுகின்றன, ஆகவே அவற்றுக்குரிய புள்ளிகளும் 'கூடுகின்றன' என்று சொல்வது இயல்பாயிற்று. வளைவரைப் புள்ளிகளிடையே நிற்கும் கூட்டல் குறி, வில்லின் நீளங்கள் விட்டுச்சென்ற சொத்து எனலாம்.

இதற்கிடையில் 'குலம்' என்னும் கருத்து உருவாகியிருந்தது. 1854-இல் ஆங்கிலேயரான கேலி, உறுப்புகள் எவையாயினும் அவை சேரும் விதியே முக்கியம் என்ற நோக்கில் குலத்தை விளக்கினார். அவர் அச்செயலைப் பெருக்கலாகவே எழுதினார். சமனி உறுப்புக்கு 1 என்று பெயரிட்டார். இரு உறுப்புகளை எந்த வரிசையில் சேர்த்தாலும் விடை ஒன்றேயாகும் பரிமாற்றுக் குலங்களைக் கூட்டலாக எழுதும் வழக்கமும் காலப்போக்கில் பரவியது. நீள்வட்ட வளைவரைக் குலம் இவ்வகையைச் சேர்ந்தது.

இரகசியக் கணக்கில் இரு மொழிகளும் சந்தித்தல்

1976-இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் இருவரும் மறைகுறியீட்டியலில் ஒரு புரட்சியைச் செய்தனர். முன்பின் சந்திக்காத இருவர், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசி, தமக்குள் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினர். முறை மிக எளிது. ஒரு பெரிய பகா எண்ணும் 'அ' என்ற ஓர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முதலாமவர் தம் இரகசிய எண்ணை அடுக்காகக் கொண்டு அ-வை உயர்த்தி, மீதியை அனுப்புகிறார். இரண்டாமவரும் அவ்வாறே செய்கிறார். வந்த எண்ணை ஒவ்வொருவரும் தம் இரகசிய அடுக்குக்கு மீண்டும் உயர்த்தினால், இருவருக்கும் ஒரே விடை கிடைக்கும். ஒட்டுக் கேட்பவர் அதைப் பெற வேண்டுமானால், அவருக்குத் தெரிந்த வழி காஸின் குறியெண்ணைக் கண்டுபிடிப்பதுதான். பகா எண் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டதாயின், அட்டவணை போட இவ்வுலகில் இடமில்லை.

1985-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் விக்டர் மில்லரும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் காப்ளிட்ஸும் தனித்தனியே ஒரே யோசனையை முன்வைத்தனர். மீதிகளின் பெருக்கல் குலத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நீள்வட்ட வளைவரைப் புள்ளிகளின் குலத்தை வைத்தால் என்ன? மில்லர் தம் கட்டுரையை அவ்வாண்டு மாநாட்டில் அளித்தார். காப்ளிட்ஸின் கட்டுரை 1987-இல் வெளிவந்தது.

குலம் மாறியது, அதனுடன் மொழியும் மாற வேண்டியதாயிற்று. மறைகுறியீட்டுக்காரர்கள் பெருக்கல் மொழியில் பேசிக்கொண்டிருந்தனர். நீள்வட்ட வளைவரைக்காரர்களோ இரு நூற்றாண்டுகளாகக் கூட்டல் மொழியினர். எனவே பழைய முறைகளை யெல்லாம் பெயர்த்து எழுத ஓர் அகராதி தேவைப்பட்டது:

பெருக்குதல் – கூட்டுதல்
வகுத்தல் – கழித்தல்
1 – சுழி (முடிவிலிப் புள்ளி)
தலைகீழ் – எதிர்ப்புள்ளி
வர்க்கம் – இரட்டிப்பு
அடுக்கு – மடங்கு
மடக்கை – மடக்கை!

கடைசி வரியைக் கவனியுங்கள். முறைப்படி பெயர்த்தால் அங்கே 'மடங்கு காணுதல்' என்றோ 'வகுத்தல்' என்றோ வந்திருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. அடுக்கே இல்லாத ஒரு மொழியில் 'நீள்வட்ட வளைவரைத் தனிநிலை மடக்கை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாறையில் பதிந்த சிப்பி, அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொல்வதுபோல, டிஃபி–ஹெல்மன் காலத்துப் பெருக்கல் மொழிக்கு இச்சொல் சாட்சியாக நிற்கிறது.

ஏழு உறுப்புக் குலங்கள் மூன்று

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஏழே உறுப்புகள் கொண்ட மூன்று குலங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்க உறுப்பிலிருந்து புறப்பட்டு, அதனையே மீண்டும் மீண்டும் சேர்த்துக்கொண்டு போவோம்.

முதலாவது, 7-ஆல் வகுத்த மீதிகள், செயல் கூட்டல், தொடக்கம் 3:
3, 6, 2, 5, 1, 4, 0

இரண்டாவது, 29-ஆல் வகுத்த மீதிகளுள் ஏழு; செயல் பெருக்கல்; தொடக்கம் 16:
16, 24, 7, 25, 23, 20, 1

மூன்றாவது, ந² = க³ + 7 என்ற வளைவரையை 13-ஆல் வகுத்த மீதிகளில் பார்க்கும்போது வரும் புள்ளிகள்; செயல் நேர்கோட்டு விதி; தொடக்கம் (7, 5):
(7, 5), (8, 5), (11, 8), (11, 5), (8, 8), (7, 8), முடிவிலிப் புள்ளி

மூன்றிலும் முதல் உறுப்பையும் இரண்டாம் உறுப்பையும் சேர்த்துப் பாருங்கள். 3 + 6 = 9; மீதி 2. 16 × 24 = 384; மீதி 7. மூன்றாவதில் (7, 5), (8, 5) வழியாகச் செல்லும் கோடு கிடைக்கோடு. அதன் மீதுள்ள மூன்றாவது புள்ளி (11, 5). பிரதிபலித்தால் 5-க்குப் பதில் 13 – 5 = 8; ஆக (11, 8). மூன்று வரிசையிலும் மூன்றாம் உறுப்பே கிடைத்தது. எந்த இரண்டைச் சேர்த்தாலும் இவ்வாறே நிகழும். கணித நோக்கில் இம்மூன்றும் ஒரே குலம், உடைதான் வேறு. கூட்டல் என்றாலும் பெருக்கல் என்றாலும் ஒன்றே என்று நூலாசிரியர் சொன்னது உண்மைதான்.

இப்போது இரகசியத்தைத் தேடுவோம். முதல் வரிசையில் 5 எத்தனையாவது இடத்தில் உள்ளது? வரிசையைப் பார்க்கவே வேண்டாம். 3-ஐ எதனால் பெருக்கினால் 7-க்கு மீதி 5 வரும் என்று கேட்டால் போதும். யூக்ளிட் காலத்து மீப்பெரு பொது வகுத்தி முறை, எண் எவ்வளவு பெரிதாயினும் நொடியில் விடை தரும்: 4. மாணவர் சொன்ன வகுத்தல் இங்கே நடக்கிறது! இரண்டாம் வரிசையில் 25 எங்கே என்றால் அப்படி வகுக்க வழியில்லை. மூன்றாவதில் (11, 5) எங்கே என்றாலும் வழியில்லை. ஒரு புள்ளியை இன்னொரு புள்ளியால் வகுப்பது என்ற செயலே அங்கு இல்லை. 'மடங்கு' என்ற சொல்லைக் கேட்டு நாம்தான் வகுத்தலைக் கற்பித்துக்கொண்டோம்.

முன்னோக்கிச் செல்வது மட்டும் எளிது. 13 மடங்கு வேண்டுமானால் பதின்மூன்று முறை கூட்ட வேண்டியதில்லை. இரட்டித்து இரட்டித்து 2, 4, 8 மடங்குகளைப் பெற்று, 8 + 4 + 1 என்று சேர்த்தால் போதும். 256 பிட் நீளமுள்ள இரகசிய எண்ணுக்கும் சில நூறு படிகளே ஆகும். போவதற்கு நெடுஞ்சாலை; திரும்புவதற்கு ஒற்றையடிப் பாதையும் இல்லை.

ஆக, ஒரே குலமாயினும் அதன் உறுப்புகளை எவ்வாறு எழுதி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடினம் மாறுகிறது. இரகசியம் குலத்தில் இல்லை. அது உடுத்தியிருக்கும் உடையில் இருக்கிறது. குறியை மாற்றினால் எதுவும் மாறாது. உறுப்புகளின் உருவத்தை மாற்றினால் எல்லாமே மாறிவிடும்.

பெருக்கலின் பலவீனம்

இரண்டாம் குலத்துக்கும் மூன்றாம் குலத்துக்கும் இடையே என்ன வேறுபாடு? இங்கேதான் நேப்பியரின் 60 திரும்பி வருகிறது. மீதிகளாகிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கலாம். சிறிய பகா எண்களின் குறியெண்களைக் கண்டுவிட்டால், மற்றவற்றை அவற்றிலிருந்து கூட்டிப் பெறலாம். இவ்வழியிலமைந்த ஒரு முறையை 1979-இல் ஏடில்மன் விரிவாக ஆராய்ந்து, ஒவ்வொன்றாகத் தேடுவதைக் காட்டிலும் அது மிக விரைவானது என்று காட்டினார். பின்னர் அது மேன்மேலும் கூர்மையாக்கப்பட்டது. 2019 டிசம்பரில் 240 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணுக்குத் தனிநிலை மடக்கை காணப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

வளைவரைப் புள்ளிகளிலோ 'பகாப் புள்ளி' என்று ஒன்றில்லை. ஒரு புள்ளியைச் சிறு புள்ளிகளாகச் சிதைக்கும் வழியும் இல்லை. ஆகவே பழைய ஆயுதம் இங்கே செல்லாது என்று மில்லர் தம் முதற் கட்டுரையிலேயே வாதிட்டார். நன்கு தேர்ந்தெடுத்த வளைவரைகளைப் பொறுத்தமட்டில் அவர் வாதம் இன்றுவரை நிற்கிறது. 2009-இல் 112 பிட், அதாவது 34 இலக்கப் பகா எண்ணின் மீதமைந்த ஒரு வளைவரைக் கணக்கைத் தீர்ப்பதற்கு, இருநூறுக்கு மேற்பட்ட விளையாட்டுக் கணிப்பொறிகளைப் பிணைத்துப் பல மாதங்கள் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் பெருக்கல் குலத்தில் 3072 பிட் தரும் பாதுகாப்பை வளைவரையில் 256 பிட்டே தந்துவிடும் என்று மதிப்பிடுகின்றனர். சிறிய கைபேசிக்கும் அதனினும் சிறிய மின்னணு அட்டைக்கும் இது எவ்வளவு பெரிய சிக்கனம்!

வளைவரை உடைந்தால்

கூட்டல், பெருக்கல் என்ற பெயர்கள் வெறும் பெயர்கள் என்றோம். ஆனால் உண்மையாகவே அவ்விரண்டும் வளைவரையில் வெளிப்படும் இடங்களும் உள்ளன. ந² = க³ என்ற வளைவரைக்கு ஒரு கூர்முனை உண்டு. அதன் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் க ÷ ந என்ற எண்ணைக் கணக்கிட்டால், நேர்கோட்டு விதி சாதாரண எண் கூட்டலாகவே மாறிவிடுகிறது. ந² = க³ + க² என்ற வளைவரை தன்னையே வெட்டிக்கொள்ளும். அங்கே அது பெருக்கலாகிவிடுகிறது. பழுதற்ற வளைவரை இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது இனம். பழுதுபட்டால் இரண்டில் ஒன்றாக இழிகிறது.

மறைகுறியீட்டின் வரலாற்றிலும் இதே கதை நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் மெனெசெஸ், ஒகமோட்டோ, வான்ஸ்டோன் ஆகிய மூவரும், பழுதற்ற வளைவரைகளிலும் ஒரு தனிவகையின் கணக்கை அப்படியே ஒரு பெருக்கல் குலத்துக்கு மாற்றிவிட முடியும் என்று காட்டினர். அங்கே பழைய ஆயுதம் செல்லும். 1998–99-இல் வேறு சிலர் இன்னொரு வகையைப் பிடித்தனர். வளைவரைப் புள்ளிகளின் எண்ணிக்கை, வகுக்கும் பகா எண்ணுக்குச் சரியாகச் சமமாக இருந்தால், கணக்கை நம் முதல் வரிசை போன்ற உண்மையான கூட்டல் குலத்துக்கே கொண்டு வந்துவிடலாம். அங்கே வகுத்தல் ஒன்றே போதும். இரகசியம் காற்றில் போயிற்று! ஆகவே இன்று ஒரு வளைவரையைப் பயன்படுத்துமுன் இவ்விரு பழுதுகளும் இல்லையா என்று சோதிப்பது கட்டாயமாகிவிட்டது. கூட்டல் குறியைத் தாங்கிய குலம், மெய்யாகவே கூட்டலாகிவிடக் கூடாது என்பதுதான் அங்கே முதல் கவலை.

வருங்காலம்

1994-இல் பீட்டர் ஷோர் ஒரு முறையைக் கண்டார். போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணிப்பொறி அமையுமானால், அது தனிநிலை மடக்கையை விரைவில் கண்டுவிடும். அம்முறை ஒரு குலத்தின் சுழற்சியை நேரே பிடித்துவிடுகிறது. உறுப்புகள் மீதிகளா, புள்ளிகளா என்பது அதற்குப் பெரிய பொருட்டல்ல. உடையில் ஒளித்து வைத்த இரகசியம், உடையைப் பாராத கண்ணுக்குத் தப்பாது அல்லவா! இதனை முன்னிட்டே 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம், தனிநிலை மடக்கையைச் சாராத மூன்று புதிய முறைகளைத் தரங்களாக வெளியிட்டது.

அந்த மாற்றம் முழுமை பெறும் வரை, நம் கைபேசிகள் வளைவரைப் புள்ளிகளைக் 'கூட்டிக்'கொண்டே இருக்கும். வாசகர்கள் ஒரு தாளை எடுத்து, மேற்கண்ட மூன்று வரிசைகளிலும் இரண்டாம் உறுப்பையும் மூன்றாம் உறுப்பையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்றிலும் ஐந்தாம் உறுப்பு வர வேண்டும். மூன்றாவது வரிசையில், கோடு மறுபடி வெட்டும் இடத்தைச் சற்றுக் கவனமாகக் காணுங்கள். அங்கே ஒரு தொடுகோடு உங்களுக்காகக் காத்திருக்கிறது.